சுவரில் பதினொரு கோடுகள்

படகில் ஐம்பத்தெட்டுப் பேர் இருந்தோம். கைப்பிடிக் கம்பியில் மாட்டியிருந்த மிதவை வளையங்கள் ஆறு. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னேன். எல்லோருக்கும் போதுமான மிதவைச் சட்டைகள் பெட்டிக்குள் இருக்கும் என்றாள். அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவள் காதில் விழாத மாதிரி கரையைப் பார்த்துக்கொண்டாள். என் மனைவி மட்டும் திராட்சைச் சாறு குடித்துக்கொண்டே, "ஒக்காருங்க. நீங்க எண்ணறதப் பாத்து அந்தம்மாவும் எண்ணுது" என்றாள். எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மாள் உண்மையிலேயே வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஜெர்மனியில் மோசல் ஆறு. மகள் அந்த நாட்டில் ஏழு வருஷமாக வேலையில் இருக்கிறாள். நாங்கள் பள்ளிபாளையத்திலிருந்து இரண்டு மாதம் அவளோடு தங்கப் போயிருந்தோம். மூன்று மணி நேரம் படகில் போய், திராட்சைத் தோட்டத்துக்காரர் வீடு ஒன்றில் தங்கி, மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. சுற்றிப் பார்க்கத்தான் என்று சொல்லியிருந்தாள். ஆனால் அவளுக்கு என்னிடம் ஒரு வழக்கு இருந்தது. காவிரிக் கரையில் இருக்கும் எங்கள் வீட்டை விட்டுவிட்டு, ரோட்டுக்கு மேல்பக்கம் மேட்டில் வேறு வீடு பார்க்க வேண்டும். மூன்று வருஷமாக இதே பேச்சு. நான் அசையவில்லை.

அசையாததற்குக் காரணம் இருந்தது. முப்பத்தோரு வருஷம் காவிரியின் நீர்மட்டம் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. பாலத்தூணில் அடிக்கணக்கு எழுதியிருக்கும். காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. மேட்டூரில் லட்சம் கன அடிக்கு மேல் திறந்தால் மணிக்கு ஒன்று. ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷம் ஆன பிறகும், ஊரில் இருக்கும் நாளில் தூணைப் பார்க்காமல் நான் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததில்லை. அந்த ஆற்றைப் பற்றி இன்னொருவர் எனக்குச் சொல்வதா என்று இருந்தது.

மோசலோ ஆறு மாதிரியே இல்லை. படகு போன வேகத்துக்குக் கரையில் சைக்கிளில் போன கிழவர் எங்களை முந்திக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் செங்குத்தான மலைச்சரிவு. நம் பக்கம் அந்தச் சரிவில் ஆடு மேய்க்கவே யோசிப்பார்கள். அவர்கள் அடி முதல் உச்சி வரை திராட்சை நட்டிருந்தார்கள். ஒரு சரிவில் வரிசைகளை எண்ண ஆரம்பித்து நூற்று நாற்பதில் விட்டேன்.

விட்டதற்குக் காரணம், படகு ஒரு சிமெண்டுத் தொட்டிக்குள் நுழைந்தது. பின்னால் இரும்புக் கதவு மூடிக்கொண்டது. சுவரில் ஏணிப்படிகள் பதித்திருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு படியாகத் தண்ணீருக்குள் போயிற்று. இருபத்து மூன்று படிகள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மேல் ஆற்றின் மட்டத்துக்குப் படகை ஏற்றுகிறார்கள் என்று மகள் விளக்கினாள். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்துக்குள் எங்கள் ஆறு ஒரு அடி ஏறினால் தெருவுக்குத் தெரு தண்டோரா போடுவோம். இங்கே ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு ஏறுகிறது, பக்கத்து மேஜையில் கேக்கை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மாலை ஐந்து மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். வெயில் நம்மூர் மதியம் போல அடித்தது. தங்கும் வீடு ஆற்றிலிருந்து என் நடையில் அறுபத்திரண்டு தப்படி. வீட்டுக்கார அம்மாளுக்கு எண்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தோட்டத்திலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். மனைவிக்கு முழங்கால் வலி என்பதால் கீழ்த்தளத்திலேயே அறை கொடுத்தார்கள். அறைக்குள் போகும் முன் வாசலுக்கு வலப்பக்கச் சுவரைப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் குறுக்காகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு வருஷம். பதினொரு கோடுகள்.

வெள்ளம் ஏறி நின்ற அளவுகள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உச்சிக் கோடு என் கைக்கு எட்டவில்லை. மற்றவற்றைச் சாண் போட்டு அளந்தேன். என் சாண் ஒன்பது அங்குலம். கீழிருந்து நான்காவது கோடு மூன்று அடி எட்டு அங்குலம் வந்தது. மறுபடியும் அளந்தேன். அதேதான். அது எனக்குத் தெரிந்த எண். கையை எடுத்துவிட்டேன்.

மகளைக் கூப்பிட்டுப் பெட்டிகளை வெளியே எடுக்கச் சொன்னேன். "இந்த ஊட்டுல மனுசன் படுப்பானா சாமி? கோடு போட்டுக் காட்டியிருக்குது, பதினோரு தடவ ஆறு உள்ள வந்திருக்குது. தெரிஞ்சே யாராச்சும் குடியிருப்பாங்களா?"

அவள் பெட்டியை எடுக்கவில்லை. "அதத்தானுங்கப்பா நானும் மூணு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கறேன்" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. அந்தச் சுவரைப் படத்தில் பார்த்துவிட்டுத்தான் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். என் வாயாலேயே வர வேண்டும் என்று காத்திருக்கிறாள். நம் வீடு வேறு, போன வெள்ளத்தில்கூட வாசற்படிதானே நனைந்தது, உன்னிடம் அப்போதே சொன்னேனே என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

என் மனைவி கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவருக்குப் போனாள். கோடுகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முதுகைச் சுவரில் ஒட்டி நின்று, நான் கையை எடுத்துக்கொண்ட அதே நான்காவது கோட்டில் விரலை வைத்தாள். அவள் உயரம் நாலு அடி பத்து அங்குலம். கோடு அவள் மார்புக்கு வந்தது.

"அன்னைக்கு எனக்கு இவ்வளவு இருந்துச்சுங்க" என்றாள். "அலமாரியப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அலமாரி மேல ஒரு பல்லி. முக்கா மணி நேரம் நானும் அதும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தோம்."

கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

"யாரக் கூப்புடறது? நீங்க தூணுகிட்ட இருந்தீங்க."

போன வெள்ளத்தன்று நடந்தது இதுதான். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்விட்டேன். நான் ஓய்வு பெற்று, அந்த வேலைக்கு வேறு ஆள் வந்திருந்தார். நான் போக வேண்டிய தேவையே இல்லை. ஒன்பது முறை அளவு எழுதினேன். திரும்பி வந்தபோது தெருவில் பரிசல் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஈரச் சேலையோடு கோயில் மண்டபத்தில் நின்றிருந்தாள். முழங்கால் அளவு இருக்கும்போதே பரிசலில் ஏற்றியிருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவளும் நான் சாப்பிட்டேனா என்றுதான் கேட்டாள். நாலு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனபோது சமையலறைச் சுவரில் சேறு நின்ற இடம் தெரிந்தது. அளந்து, பென்சிலால் கோடு போட்டேன். மூன்று அடி எட்டு அங்குலம். பொங்கலுக்கு மகள் வருகிறாள் என்றதும் அந்தச் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தேன்.

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு அளவைக்கூட நான் திருத்தி எழுதியதில்லை. மேலதிகாரி ஒருமுறை அரை அடி குறைத்து எழுதச் சொன்னபோது மறுத்தவன். என் வீட்டுச் சுவரில், என் மனைவி நின்ற அளவை நானே அழித்திருக்கிறேன். வாசலில் இருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

வீட்டுக்கார அம்மாள் தட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். எனக்கு உடம்பு சரியில்லையா என்று மகளிடம் விசாரித்தார். வெள்ளம் குளிர்காலத்தில்தான் வரும், இப்போது ஆறு பசு மாதிரி என்று சொல்லச் சொன்னார். தான் படுப்பது மூன்றாம் தளத்தில் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவி அன்று நன்றாகத் தூங்கினாள்.

காலையில் சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தேன். சுவருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு கோட்டையும் சுற்றி ஒரு விரல் அகலம் பழைய சுவரை அப்படியே விட்டிருந்தார்கள். ஏன் என்று மகளை விட்டு வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டேன். பெயிண்ட் அடிக்கும் முன் கோடுகள் மேல் தானே நாடா ஒட்டிவிடுவதாகச் சொன்னார். தனக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பும் படகில் வளையங்களை எண்ணவில்லை. தொட்டிக்குள் படகு இறங்கும்போது மகளிடம், மேட்டில் வீடு பார்க்கலாம் என்றேன். அவள் நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது முறை சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவி, "மாடிப்படி கம்மியா இருக்கற ஊடாப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்கு வந்த மறுநாள் பிளேடால் சுண்ணாம்பைச் சுரண்டினேன். பென்சில் கோடு உள்ளே அப்படியே இருந்தது. அதன் மேல் நீலப் பெயிண்டில் கோடு இழுத்து, தேதியும் எழுதினேன். அடுத்த மாதம் ரோட்டுக்கு மேல்பக்கம் குடிபோனோம். வாசலுக்கு நாலே படி.

பழைய வீட்டைத் தறிப்பட்டறை வைக்க வாடகைக்குக் கேட்டு இதுவரை மூன்று பேர் வந்தார்கள். மூவரையும் முதலில் சமையலறைக்குத்தான் அழைத்துப் போனேன். ஒருவரும் திரும்பி வரவில்லை. வீடு பூட்டியே கிடக்கிறது.

மாலை ஆறு மணிக்குத் தூணைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். முழங்கால் வலிக்காக மெதுவாக நடப்போம். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னைக்கு எவ்வளவுங்க என்று கேட்பாள். சொல்வேன்.