நடுவில் ஒரு ‘முற்றும்’

நான் எழுதுவது விண்வெளிக் காதல் கதை. இதைச் சொன்னால் இலக்கியம் படிக்கிறவர்கள் “காதலா?” என்று முகத்தைச் சுளிப்பார்கள். காதல் கதை படிக்கிறவர்கள் “ராக்கெட்டா?” என்பார்கள். ஒரு பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் எனக்குப் புத்தியே சொன்னார்: “நல்லாத்தாம்மா எழுதுறீங்க. அந்த ராக்கெட்ட மட்டும் எடுத்துட்டு ஒரு கெரேத்தாவ வெச்சிருங்க, அடுத்த மாசமே போட்டுர்றேன்.” கெரேத்தா என்றால் மலாய் கலந்த எங்கள் பேச்சில் கார். சனிக் கோளின் நிலாவுக்குக் கெரேத்தாவில் எப்படிப் போவதாம்? போய்யா நீயும் உன் பத்திரிகையும் என்று, நானே சொந்தமாகப் புத்தகம் போட ஆரம்பித்தேன். இது என் மூன்றாவது புத்தகத்துக்கு நடந்த கதை.

வேலை பிறை என்ற ஊரில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. நாள் முழுக்க உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, கீறல் விழுந்த சில்லு எது, விழாதது எது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வீடு கடலுக்கு இந்தப் பக்கம், தீவில், ஜெலுத்தோங்கில். கம்பெனி பஸ் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் கைப்பேசியில் ஒரு பக்கம் எழுதிவிடுவேன். நெரிசல் நாள் என்றால் இரண்டு பக்கம். பாலத்தில் லாரி கவிழ்ந்த அன்று ஒரு முத்தக் காட்சியையே முடித்திருக்கிறேன்.

எழுத்திலும் தொழிற்சாலைப் புத்திதான். அச்சுக்கடையில் தாளைப் பதினாறு பக்கமாக மடித்து ஒரு கட்டு ஆக்குவார்கள். அதனால் என் அத்தியாயம் ஒவ்வொன்றும் கணக்காக எட்டுப் பக்கம். இரண்டு அத்தியாயம் ஒரு கட்டு, ஒன்பது கட்டு ஒரு நாவல். அத்தியாயங்களுக்கு எண் போடுவதில்லை, தலைப்பு மட்டும்தான்.

மூன்றாவது நாவலில் நாயகி என்னைப் போலவே தரம் பார்க்கிறவள், என்ன, விண்கலத்தில். நாயகன் அங்கே காற்றுக் குழாய் பழுது பார்ப்பவன். ஆறாவது கட்டில் இரண்டு பேரும் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். “நாளைக்கும் வருவியா?” என்று அவள் கேட்கிறாள். “வருவேன்” என்கிறான். ஒன்பதாவது கட்டில் அவளுக்குத் தன் காற்றைக் கொடுத்துவிட்டு அவன் செத்துப்போகிறான். கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘முற்றும்’. அவனைக் கொன்றால்தான் என்னை எழுத்தாளர் என்று மதிப்பார்கள் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தடவை எனக்குத் தமிழ்ப்பற்று வேறு தலைக்கேறியிருந்தது. பக்க எண், கட்டு எண் எல்லாவற்றையும் தமிழ் எண்ணிலேயே போட்டேன். எங்கள் ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். இருந்தாலும் தமிழ்ப் புத்தகத்தில் தமிழ் எண் இல்லாவிட்டால் எப்படி என்று ஒரு வீம்பு.

அச்சுக்கடை மாக் மண்டினில் இருந்தது. முதலாளி சீனர், கட்டு அடுக்குகிறவர்கள் மலாய்க்காரர்களும் வங்காளதேசத்தவரும். “இது என்ன எண்? என் ஆட்கள் எப்படி அடுக்குவார்கள்?” என்று முதலாளி மலாயில் கேட்டார். “அதற்கென்ன?” என்று ஒரு தாளை வாங்கி, இது ஒன்று, இது இரண்டு என்று ஒன்பது வரைக்கும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மேசைக்கு நேரே சுவரில் ஒட்டிவைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெட்டிகள் சனிக்கிழமை வந்தன. ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. அட்டையைப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், சாமி படத்துக்கு முன்னால் ஒன்றை வைத்தேன். உள்ளே புரட்டவில்லை.

எங்கள் ஊர் நூல் வெளியீடு கிட்டத்தட்டக் கல்யாணம் மாதிரி. தலைவர் முதல் நூலைப் பெறுவார், அவருக்குப் பின்னால் பிரமுகர்கள் வரிசையில் வந்து பண உறையைக் கொடுத்துப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். நமக்கு நாளைக்கு ஒரு விசேஷம் என்றால் இவள் வருவாள் என்ற கணக்கு. பிழை சொல்லவில்லை, அப்படித்தான் இங்கே தமிழ்ப் புத்தகம் உயிரோடு இருக்கிறது. நூலாய்வு செய்தவர் நாற்பது நிமிடம் பேசினார். முப்பது நிமிடம் தமிழ் எண்ணின் தொன்மை. மீதிப் பத்து நிமிடம் பின்னட்டையில் நான் எழுதியிருந்ததைத் திருப்பிச் சொன்னார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அந்த வாரமே தொழிற்சாலையில் தீபாவளி விருந்து. அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு ஐந்து பிரதி கொடுத்தேன். புத்தகம் விழுந்தவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பக்கத்து மேசையில் ரைஸ் குக்கர் விழுந்தவர்களை ஏக்கமாகப் பார்த்தார்கள்.

பத்து நாள் கழித்து, வாட்ஸ்அப் புலனத்தில் போட நல்ல பத்தி ஒன்று வேண்டும் என்று புத்தகத்தைத் திறந்தேன். நடுவிலேயே ‘முற்றும்’. முதல் கட்டிலிருந்து புரட்டினேன். ஆறாவது கட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாவது கட்டு. நாயகன் மூன்று கட்டு மீதி இருக்கும்போதே செத்து, ‘முற்றும்’ போட்டு, அடுத்த பக்கத்தில் ஒன்றும் நடக்காதது போலக் குழாயைத் திருகிக்கொண்டு நிற்கிறான். கடைசியில் சமைத்துச் சாப்பிட்டு, “வருவேன்” என்கிறான். அத்தோடு புத்தகம் முடிகிறது. ஒன்றிரண்டு அல்ல, எல்லாப் பிரதியும் அப்படித்தான்.

மறுநாள் மாக் மண்டினுக்குப் போய் ஆடித் தீர்த்துவிட்டேன். முதலாளி எழுந்தார். சுவரிலிருந்து தாளைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். என் கையெழுத்து. ஆறுக்கு நேராக ௯, ஒன்பதுக்கு நேராக ௬ என்று நானே மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய ஆட்கள் அச்சுப் பிசகாமல் அதன்படி அடுக்கியிருக்கிறார்கள். நாள் பூராவும் அடுத்தவன் செய்த பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்! மன்னிப்புக் கேட்டேன். சரியான வரிசையில் கொஞ்சம் பிரதி அடித்துத் தரச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் வேறொரு விஷயம் மண்டையில் உறைத்தது. பத்து நாளாக ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லை. சரி, எவ்வளவு காலம்தான் சொல்லாமல் இருப்பார்கள் பார்ப்போம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். பிழையைக் கண்டுபிடித்து யார் திட்டினாலும் அவர் காலில் விழுந்து கும்பிட்டுத் திருத்திய பிரதியைக் கொடுப்பது என்று முடிவு. எனக்குப் பட்டம் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்த ஒரே ஓர் ஆள் வேண்டும். மூன்று புத்தகம் எழுதியும் அப்படி ஓர் ஆளை நான் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரு மாதம் போனது. என் கூடப்பிறந்த அக்காவே வீட்டுக்கு வந்து, “ஒரே மூச்சுல படிச்சிட்டேன்டி. முடிவுல அழுதுட்டேன் லா” என்றாள்.

“எந்த முடிவுக்குக்கா?”

“அதான், கடைசில... அந்தப் பொண்ணு பாவம்ல?”

அக்காவுக்குத் தேநீர் கலக்க எழுந்துவிட்டேன். அவள்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது. இவ்வளவு வயசுக்கு மேல் இதையே பிடித்துத் தொங்குகிறாயே, வெட்கமாக இல்லையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அன்றோடு எழுதுவதை விட்டேன். பஸ்ஸில் எல்லாரையும் போலத் தூங்கப் பழகினேன்.

இரண்டாவது மாதக் கடைசியில் திருத்திய பிரதிகள் வந்தன. யாருக்குக் கொடுப்பது? ஒன்றை மட்டும் பையில் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பொட்டலப் பிரிவில் வேலை செய்கிற பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். முப்பது வயதிருக்கும். சுங்கை பாக்காப்பிலிருந்து வேனில் வருகிறவள். போன வருடம் அவள் புருஷன் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரி மோதி இறந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான்கூட இழவுக்குப் போய் வந்தேன்.

“அக்கா, குலுக்கல்ல உங்க புக்குதான் எனக்கு விழுந்துச்சு. ரைஸ் குக்கர் விழும்னு நெனச்சேன்” என்று சிரித்தாள். “ஒன்னு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க.”

பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று பையின் மேல் கை வைத்தேன்.

“அவன் செத்துட்டான், முற்றும்னு போட்டுட்டீங்க. எனக்கு வந்துச்சே கோவம்! பாழாப்போன புக்குன்னு மூடி அலமாரிக்கு மேல போட்டுட்டேன். ஒரு மாசம் கையால தொடல. அப்புறம் வீடு கூட்டறப்ப எடுத்தேன். பாத்தா இன்னும் அவ்ளோ பக்கம் இருக்கு. என்னாடா இதுன்னு திருப்புனா, இருக்கான்க்கா. கொழாயத் திருகிக்கிட்டு இருக்கான். அவகிட்ட சண்ட போடறான், சோறாக்கறான். நாளைக்கும் வருவேங்கறான்.” மூச்சு வாங்கினாள். “வேணும்னுதானே அப்படி வெச்சீங்க? அந்த ஒலகத்துல காலம் திரும்பி ஓடும், அதானே?”

என் தோளில் பை தொங்கியது. அதற்குள் சரியான புத்தகம். அதில் அவன் ஒரே தடவை சாகிறான், கடைசியில் சாகிறான், அதற்குப் பிறகு வெறும் அட்டைதான்.

“ஆமா” என்றேன். “வேணும்னுதான் வெச்சேன்.”

“நெனச்சேன்” என்று தலையை ஆட்டினாள். “என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. அவங்களுக்கும் முழுசாப் படிச்சுக் காட்டினேன். முற்றும் வந்த எடத்துல மட்டும் நிக்கலக்கா, மூச்சு விடாம அடுத்த பக்கத்தத் திருப்பிட்டேன். ‘பாத்தியா, வந்துட்டான்’னு கைய தட்டுனாங்க. இப்ப தெனமும் அந்தக் கடைசிய மட்டும் படிக்கச் சொல்றாங்க.”

அவளுடைய வேன் வந்தது. “போய்ட்டு வரேன்க்கா” என்று ஓடி ஏறிக்கொண்டாள். எங்கள் பஸ்ஸும் வந்தது. நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பாலத்தில் ஏறும் வரைக்கும் எப்படியோ தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை, வாய்விட்டே அழுதுவிட்டேன்.

பஸ் ஓட்டுகிற அண்ணன் கண்ணாடியில் பார்த்துப் பதறிப்போனார். “என்னாச்சும்மா? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?”

“இல்லண்ணே” என்றேன். “என் புத்தகத்த ஒருத்தி படிச்சிருக்கா.”