அக்கா வைத்த குடில்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நீயே எழுது என்று அத்தான் என்னிடம் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவற்றை மறைத்துவிட்டு அக்காவின் மனதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போடிமெட்டு ஏறி வந்தவர்கள். ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அவர் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது, நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறிய அப்பா விழுந்து இறந்துபோனார். அடுத்த வாரமே அக்கா அம்மாவுடன் காய் எடுக்கப் போனார். எனக்கு அப்போது மூன்று வயது. நான் போடியில் விடுதியில் தங்கிப் படித்ததும், நர்ஸ் ஆனதும், தேனியில் வாழ்க்கைப்பட்டதும் அக்காவின் உழைப்பினால்தான்.

திருமணத்துக்குப் பிறகும் அக்கா அதே லயத்தில்தான் இருந்தார். முதல் ஆண் குழந்தையை எட்டாம் மாதத்தில் காய்ச்சல் கொண்டுபோனது. மழையில் மண் சரிந்து, அன்று ஜீப் மேலே ஏற முடியவில்லை. பிறகு பிறந்தவள் ஷீபா.

அம்மா தம் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியில் குழந்தை இயேசு, மரியாள், சூசை என்று மண் சுரூபங்களைக் கொண்டு வந்திருந்தார். கிறிஸ்துமஸ் தோறும் அவற்றை வைத்துத்தான் எங்கள் வீட்டுக் குடில். அம்மா இறந்து முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும், அந்தப் பெட்டியை நான் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை சற்று நின்றது.

"கொண்டு போ பாப்பா. ஒனக்குப் பெரிய வீடு. நாலு பேரு வந்து பாப்பாங்க."

நானும் கொண்டு வந்துவிட்டேன். பதினோரு ஆண்டுகள் என் வீட்டுக் கூடத்தில் விளக்குப் போட்டு வைத்தேன். ஒவ்வொரு டிசம்பரிலும் போனில், "குடில் வச்சாச்சாக்கா?" என்பேன். "வச்சாச்சு" என்பார். எதை வைத்து என்று நான் கேட்டதே இல்லை.

சென்ற ஆண்டு அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. என் வீட்டில் வைத்துத்தான் வைத்தியம் பார்த்தோம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும் முன்பே நான் அறிந்திருந்தேன். அக்காவும் அறிந்திருந்தார்.

"கிறிஸ்துமஸுக்கு என்னைய வீட்ல கொண்டு விட்டுரு. குடில் வைக்கணும்" என்றார்.

டிசம்பர் முதல் வாரத்தில் கம்பளி போர்த்தி ஜீப்பில் மேலே கொண்டு சென்றோம். மறுநாள் காலை, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். ஷீபாவும் நானும் ஒவ்வொன்றாக எடுத்தோம். அம்மாவின் கல்யாணச் சேலை வெளியே வந்தது. அதைக் குடிலுக்குப் பின்னால் வானமாகக் கட்டச் சொன்னார். அப்பாவின் பழுப்பு மப்ளரை மேடும் பள்ளமுமாக மடித்து மலையாக்கினார். மரியாளும் சூசையும் கோயில் காலண்டரிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டிய படங்கள். குடில் வாசலில் தொங்கவிட்டது, இறந்துபோன குழந்தையின் ஒற்றைக் கொலுசு. தீவனத் தொட்டியில் விரித்திருந்தது என் ஞானஸ்நானச் சட்டை. பெட்டியின் அடியில், நர்ஸிங் முடித்த நாளில் நான் அணிந்த வெள்ளைத் தொப்பி இருந்தது. குப்பையில் போடச் சொல்லி நான் விட்டுப்போனது.

"இது எதுக்குக்கா இன்னும்?"

"நட்சத்திரத்துக்குக் கீழ வையி. அதுதான் எங்களுக்கு வருசா வருசம் தேவதூதர்" என்றார் அக்கா.

நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். "அம்மா பெட்டிய நாளைக்கே கொண்டாந்துருதேன்க்கா" என்றேன்.

"வேண்டாம். ஒன் பிள்ளைக அதைப் பாத்து வளந்துட்டுக. அதுக கையில இருந்து எடுக்காத."

மன்னித்துவிடு என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். மாத்திரை கொடுக்கும் நேரம் என்று எழுந்துவிட்டேன்.

டிசம்பர் இருபத்துநான்காம் தேதி விடிகாலையில், ஷீபாவின் மடியில் தலை வைத்தபடி அக்கா போய்விட்டார். முன்னறை மிகச் சிறியது. குடில் பாதி இடத்தை அடைத்திருந்ததால் சவப்பெட்டியை வைக்க வழியில்லை. "குடிலை எடுத்துருவோம் அத்தான்" என்று நான்தான் சொன்னேன்.

அத்தான் கோபப்படவில்லை. "வேண்டாம் பாப்பா. ஒரு தடவ அவகிட்ட இருந்து எடுத்தாச்சு. இன்னொரு தடவ வேண்டாம்" என்றார்கள்.

முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, கதவைத் திறந்து வைத்து, குடிலைப் பார்த்தபடி அக்காவைக் கிடத்தினோம். பனி மூடி மூடி விலகியது. அன்று மாலையே அடக்கம் செய்தோம்.

அந்த நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த லயத்துப் பெண்களுக்கும், வாரந்தோறும் வீட்டுக்கு வந்து மருந்து கொடுத்து, படுக்கைப் புண்ணைத் துடைத்த, வலி தணிக்கும் பாலியேட்டிவ் சிகிச்சை சிஸ்டருக்கும், அக்காவுக்கு வலிக்குமே என்று பள்ளம் பார்த்து ஊர்ந்து ஓட்டிய ஜீப் டிரைவர் தம்பிக்கும், திருவிழா வேலைகளுக்கு நடுவிலும் அடக்கத்தை நடத்தித் தந்த பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த ஆண்டுக் குடிலை ஷீபா வைத்தாள். "அம்மாவோடது எத வைக்க சித்தி?" என்று கேட்டாள். இருவரும் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அதில் எங்கள் எல்லாருடையதும் இருந்தது. அக்காவுடையது ஒன்றுமில்லை. சேலைகளை முப்பதாம் நாளில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். கண்ணாடியும் ஜெபமாலையும் அவருடனே போய்விட்டன.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அக்கா உடுத்தியது, தைத்தது, தந்தது என்று ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தால், நினைவுத் திருப்பலிக்கு வரும்போது கொண்டு வாருங்கள். தந்துவிட வேண்டாம். சற்று நேரம் வைத்திருந்துவிட்டு நீங்களே எடுத்துச் செல்லலாம். குடிலில் ஓரிடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.