மைக்செட்காரருக்கு ஒரு துண்டு அப்பம்

எங்கள் ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மைக்செட் என்றால் போதும். கல்யாணமோ சாவோ, கூம்பு ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர்தான். ஊர்த் தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் மைக்கைத் தட்டி, "ஹலோ, செக், ஹலோ" என்று சொல்லிப் பார்ப்பதும் அவர்தான். கோயில் மணிக்கு அசையாதவர்கள்கூட அந்தக் குரல் கேட்டதும் எழுந்துவிடுவார்கள். "மைக்செட் ஹலோ சொல்லியாச்சு, இன்னும் தலை சீவிக்கிட்டு நிக்கிற" என்று வீட்டுக்கு வீடு ஏச்சு கேட்கும்.

ஆளும் அப்படியொன்றும் சாது இல்லை. பிரசங்கம் நீண்டால் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவார். முன்பிருந்த போதகர் ஒருவர் அது தெரியாமல் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, தொண்டை சரியில்லை என்று சீக்கிரம் முடித்துக்கொள்வார். "மருந்து வேலை செஞ்சிருச்சு" என்பார் இவர், வாசலில் பீடியைப் பற்றவைத்தபடி.

நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகள் வருவதற்குச் சற்று முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சு போனது. மிஞ்சியது ஹலோ மட்டும். தண்ணீருக்கும் ஹலோ, மின்விசிறிக்கும் ஹலோ, கோபத்துக்கும் ஹலோ. இது பலருக்கு நடப்பதுதான். மொத்தப் பேச்சும் போன பிறகும் நாக்குக்குப் பழகிய ஏதோ ஒன்று தங்கிவிடும். நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் ஒருவர் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பார். கட்டிலைவிட்டு இறங்கியதில்லை.

அந்த இல்லத்தில்தான் நோயாளியைப் பராமரிக்கும் பயிற்சி எடுத்தேன், ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை செய்தேன். ஊரில் என்னை நர்ஸம்மா என்கிறார்கள். நான் நர்ஸ் இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன். மைக்செட்டின் மனைவி என்னை அக்கா என்பாள். மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்த அன்றே வந்து கதவைத் தட்டினாள். "அக்கா, ஒரு வாய் தண்ணி குடுத்தாலும் இருமுறாரு. பயமா இருக்கு."

எனக்குப் பார்த்ததும் புரிந்தது. விழுங்குவது சரியில்லை. தண்ணீர், டீ, ரசம் எல்லாம் உணவுக்குழாயில் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கும். இறங்கினால் நெஞ்சில் சளி கட்டும், காய்ச்சல் வரும், ஆளைக் கொண்டுபோகும். உலர்ந்த பண்டம் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். ஆகவே கஞ்சியைக் கரண்டியில் நிற்கிற பதத்துக்குக் காய்ச்சச் சொன்னேன். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் குனியவைத்து, ஒரு சின்னக் கரண்டி. அது இறங்கியதைத் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது. ஒரு கிண்ணம் ஊட்டி முடிப்பதற்குள் நம் இடுப்பு போய்விடும். நானும் அவளும் முறை வைத்துக்கொண்டோம்.

அதற்குள் எல்லாவற்றையும் மூடினார்கள். தெரு முனைகளில் கயிறு கட்டி, ஊர் ஆட்களையே காவலுக்கு நிறுத்தினார்கள். தினமும் எனக்கும் அவர்களுக்கும் தகராறு.

"உங்க வயசுக்காரங்க வெளிய வரக்கூடாதும்மா."

"என் வயசுக்காரங்களுக்கு யாருப்பா கஞ்சி ஊத்துறது? நீ வர்றியா?"

கயிறு இறங்கும். மறுநாள் வேறு ஆள் நிற்பான், மறுபடியும் முதலிலிருந்து.

கோயிலையும் பூட்டினார்கள். போதகர் உள்ளே தனியாக நின்று ஆராதனை நடத்த, ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்க வீட்டிலிருந்தே கேட்பது என்று ஏற்பாடு. ஒலிபெருக்கியைக் கட்ட வேண்டியவர் படுக்கையில் கிடந்தார். சபைச் செயலர் தானே ஏணி போட்டு ஏறிக் கட்டினார். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார், அதனால் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. இரண்டு கூம்புகளும் அவர் தெருவைப் பார்த்து நின்றன. அந்தத் தெருவில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெற்குத் தெருவுக்குப் போதகரின் இருமல் மட்டும் கேட்டது. மைக்செட் கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்து, "ஹலோ, ஹலோ" என்று பல்லைக் கடித்தார். அந்த ஹலோவுக்கு அர்த்தம் கேட்கத் தேவையில்லை.

பிறகு திருவிருந்து ஞாயிறு வந்தது. கோயிலில் என்றால் எல்லோரும் முழங்கால் போட்டு, உள்ளங்கையில் அப்பம் வாங்கி, ஒரு வாய் திராட்சை ரசம் குடிப்போம். இப்போது ஒரு மெல்லிய வட்ட அப்பத்தையும் மூடி போட்ட சின்னக் குப்பியில் ரசத்தையும் பொட்டலம் கட்டி, ஆளுக்கு ஒன்றாக வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். போதகர் ஒலிபெருக்கியில் "உட்கொள்ளுங்கள்" என்று சொன்னதும் ஊரே ஒரே நேரத்தில் உட்கொள்ள வேண்டும். முன்னால் பிரிக்கக் கூடாது, பின்னால் தாமதிக்கவும் கூடாது.

மைக்செட்டின் பொட்டலத்தை நான் பிரிக்க விடவில்லை. உலர்ந்த அப்பமும் தண்ணீரான ரசமும் அவர் தொண்டைக்கு விஷம். ஒலிபெருக்கியில் போதகரின் குரல் வந்தது. மைக்செட் இடது உள்ளங்கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே இருந்தது. பக்கத்து வீடுகளில் ஆமென் சொல்லும் சத்தம் கேட்டது. கடைசியில் கையை மடக்கி மார்பில் வைத்துக்கொண்டார். அதன்பின் கஞ்சிக் கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டார். அன்று முழுக்க ஒரு வாய் இறங்கவில்லை. மறுநாளும் பாதிக் கிண்ணம்தான். ஏற்கெனவே எலும்பும் தோலும். இப்படி இரண்டு தடவை முரண்டு பிடித்தால் ஆள் தாங்க மாட்டார்.

வழி இருந்தது. அப்பத்தை நொறுக்கி, ரசத்தில் சில சொட்டு விட்டுக் குழைத்தால் கெட்டியான பசையாகிவிடும். அரைக் கரண்டி. கஞ்சி இறங்குகிற மாதிரி இறங்கும். அவர் மனைவியிடம் சொன்னேன்.

"அப்பத்தைப் போயி நசுக்கறதாக்கா? அது சும்மா அப்பமா? எனக்குக் கை வராது. போதகர் சொல்லட்டும்."

போதகரை போனில் பிடித்தேன். சின்ன வயது மனிதர். அந்த மாதங்களில் அவர் போன் ஓயவே இல்லை, பாதிக்கு மேல் சாவுச் செய்தி. குறை சொல்லிப் பயனில்லை, ஆனாலும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. ஆனா நானா ஒரு புது வழக்கம் கொண்டுவந்தேன்னு பேச்சு வந்துரும். கமிட்டில ஒரு வார்த்தை கேட்டுருங்க."

கமிட்டியும் போனில்தான் கூடியது. ஒருவர் பேசினால் மற்றவருக்குக் கேட்காது. "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே பாதி நேரம் போனது. பொருளாளர் வீட்டுக் குக்கர் விசில் மட்டும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"நர்ஸம்மா சொல்றது, அப்பத்தைக் கூழாக்கணும்னு" என்றார் செயலர்.

"கூழா? நாளைக்கு ஒருத்தர் சர்க்கரை போட்டுக் கேப்பாரு" என்றது ஒரு குரல்.

"நீங்க வாயில போட்டதும் அது கூழாத்தான் ஆகுது. அவருக்குக் கொஞ்சம் முன்னாடி ஆகுது, அவ்வளவுதான்" என்றேன்.

"இதுல தத்துவம் இருக்கு நர்ஸம்மா. மேலிடத்துல கேட்டுத்தான் சொல்லணும்" என்றார் செயலர்.

மேலிடம் என்றால் கடவுள் இல்லை, தலைமை அலுவலகம். அதுவும் பூட்டிக் கிடந்தது.

அடுத்த திருவிருந்து ஞாயிறுக்குப் பதில் வரவில்லை. மைக்செட்டின் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்: நான் வரும்வரை எதையும் கொடுக்காதே. அன்று பார்த்து என் தெருவில் யாருக்கோ நோய் கண்டு, கயிற்றுக்குப் பதில் தகரத் தட்டியை வைத்து அடைத்துவிட்டார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றவன் எனக்குத் தெரிந்தவன்தான், மீன் வியாபாரி.

"இன்னைக்கு யாரையும் விடக்கூடாதுக்கா. ஆர்டர்."

"கோயில்ல ஆராதனை தொடங்கிருச்சு. அங்க அந்தப் பொம்பள தனியா இருக்கா. விடுப்பா."

"விட்டா என்னையக் கேப்பாங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் "உட்கொள்ளுங்கள்" என்று வந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து வேலி வழியாகப் போனேன். அவன் திரும்பி நின்றுகொண்டான்.

போய்ச் சேர்ந்தபோது மைக்செட்டின் உதடு நீலம் பாரித்திருந்தது. முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் அடித்தேன். அண்ணத்தில் ஒட்டியிருந்த அப்பம் துண்டாக வெளியே விழுந்தது. ரசம் ஏற்கெனவே நெஞ்சுக்குள் போயிருந்தது. அவள் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் சேர்ந்து எடுக்கணும்னு மைக்குல சொன்னாங்கக்கா. இவரு கைய நீட்டிட்டே இருந்தாரு. நான் என்ன செய்வேன்?"

திட்ட வாய் வந்தது. திட்டவில்லை. துண்டை நனைத்து அவர் முகத்தைத் துடைக்கச் சொன்னேன். கை வேலையில் இருந்தால் நடுக்கம் குறையும்.

காய்ச்சல் வந்தது. அந்த நாட்களில் காய்ச்சல், இருமல் என்று சொன்னால் வண்டி வராது, வந்தாலும் ஆளை எங்கே கொண்டுபோவார்கள் என்று தெரியாது. மருத்துவர் போனிலேயே மருந்து சொன்னார். நிமிர்த்தி வைத்து, புரட்டி, முதுகைத் தட்டிச் சளியை எடுத்து, ஒருவழியாகத் தேற்றினோம்.

செயலர் வீட்டு வாசலுக்குப் போய், கேட்டுக்கு வெளியே நின்றேன். அவர் முகக்கவசத்துக்கு மேல் இன்னொரு முகக்கவசம் போட்டுக்கொண்டு திண்டாடியபடி வந்தார்.

"கேள்விப்பட்டேன். இனிமே அப்படி நடக்காது. ஏற்பாடு பண்ணிட்டோம்."

எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. என்ன ஏற்பாடு என்று அடுத்த திருவிருந்து ஞாயிறு காலையில்தான் தெரிந்தது. அந்த வீட்டு வாசலில் ஒரே ஒரு பொட்டலம் இருந்தது, மனைவிக்கு மட்டும். ஆபத்து என்று அவரைத் திருவிருந்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஊரில் யாருக்கும் தலைவலி இல்லாத தீர்வு.

போன் போட்டேன். செயலர் எடுக்கவில்லை, மைக்கின் முன்னால் இருந்திருப்பார். எடுக்காத அந்தப் போனைப் பார்த்து நான் பேசியதை எழுதினால் இதைப் படிக்கிறவர்கள் வருத்தப்படுவார்கள்.

ஆராதனை தொடங்கியது. காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் குரல் வருவதும் போவதுமாக இருந்தது. மைக்செட்டை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தோம். பொட்டலம் ஒன்றுதான் என்பதை அவர் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீட்டுகிற மனிதருக்கு ஊட்டலாம், நீட்டாதவருக்கு ஊட்ட முடியாது.

"உட்கொள்ளுங்கள்" என்று காற்றில் பாதியாக வந்தது. அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். அப்பத்தை எடுத்து இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். மறுபாதியைக் குப்பி மூடியில் வைத்து, கரண்டியின் அடிப்பக்கத்தால் நசுக்க ஆரம்பித்தாள்.



"எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்டாள், நிமிராமலே.

"சொட்டுச் சொட்டா. போதும். குழை. இன்னும் ஒரு சொட்டு."

"இது என் பங்கு. என் பங்கை நான் யாருக்குக் குடுத்தா அவங்களுக்கு என்ன?"

கரண்டியைச் சாய்த்துப் பார்த்தேன், வழியவில்லை. அவர் கையை நீட்டினார். பசையைக் கையில் வைக்க முடியாது. அவள் நீட்டிய உள்ளங்கையைக் கரண்டியால் ஒரு தடவை தொட்டுவிட்டு வாய்க்குக் கொண்டுபோனாள். நான் தாடையைக் குனியவைத்துத் தொண்டையில் விரல் வைத்தேன். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு இறங்கியது. இருமல் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

"ஹலோ" என்றார்.

"இதுக்கு ஆமென்னு சொல்லணும்" என்றாள் அவள்.

"ஹலோ" என்றார் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக. அதன்பின் கஞ்சியைக் காட்டினார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் செயலர் போன் செய்தார். மேலிடத்திலிருந்து செய்தி வந்ததாம், ஒரு குழு அமைத்து ஆராயப் போகிறார்களாம். குழுவில் பராமரிப்புத் தெரிந்த ஒருவரும் வேண்டுமாம், என்னைச் சேர்க்கலாமா என்று கேட்டார். எனக்கு முதுகு தட்டுகிற வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த மாதமும் அந்த வீட்டுக்கு ஒரு பொட்டலம்தான் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அவள் அதை இரண்டாக உடைத்து வைத்திருந்தாள்.