வடிவம்மாளும் கீழ்க் கம்பத்துக்குப் போன பஸ்ஸும்

இது சத்தியமாக நடந்த கதை. பினாங்கில் பாலிக் புலாவுக்குத் தெற்கே மேல் கம்பம், கீழ்க் கம்பம் என்று இரண்டு குக்கிராமங்கள். மேல் கம்பத்தில் ஐயாயிரம் பேர் இருந்தார்கள். சரி, முறைக்காதீர்கள், ஐம்பத்தெட்டுப் பேர். கொஞ்சம் இழுத்துவிட்டேன். இனிமேலும் அங்கங்கே இழுப்பேன், கண்டுகொள்ளாதீர்கள்.

மேல் கம்பத்து வடிவம்மாள் ஜாதிக்காய் ஊறுகாய் போட்டு டவுனில் விற்பவள். பஸ் பிடிக்க, கூடையைத் தலையில் சுமந்து பாலிக் புலாவ் கடைத்தெருவுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். கீழ்க் கம்பத்து குணவதியும் அதே ஊறுகாய், அதே நடை, அதே பஸ். அவள் வேறு யாருமில்லை, வடிவம்மாளின் சம்பந்தி. மகள் ருக்குமணியைக் கட்டிக்கொடுத்த வீடு. குணவதியின் ஜாடி முதலில் காலியானால் வடிவம்மாளுக்கு மூன்று நாள் சோறு இறங்காது. அந்த வயிற்றெரிச்சலில் அடுப்பில்லாமலே அப்பளம் சுடலாம்.

அப்போதுதான் பஸ் முதலாளி சொல்லியனுப்பினார். கடைத்தெருவைத் தாண்டி ஒரு கம்பத்துக்கு மட்டும் பஸ் வரும். எதில் ஆள் அதிகமோ அதற்கு. வெள்ளிக்கிழமை அவருடைய கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, வந்து தலை எண்ணுவார். கீழ்க் கம்பத்திலும் ஐம்பத்தெட்டுப் பேர்தான்!

"அவ வாசல்ல பஸ் நிக்கிறதா? நான் உயிரோட இருக்கிறப்பவா?"

"நிக்கட்டுமே லா. நம்ம மக வீட்டு வாசல்தானே" என்றார் புருஷன் சுப்பையா. அன்று அவருக்கு வெறும் கஞ்சி.

வடிவம்மாள் யோசித்தாள். ருக்குமணிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தால் இங்கே ஐம்பத்தொன்பது, அங்கே ஐம்பத்தேழு. வெள்ளிக்கிழமை காலையிலேயே நாள் குறித்தாள். கிராணி சாயங்காலம் வருவார் என்று யாரும் சொல்லவில்லை, அவளாக நினைத்துக்கொண்டாள்.

வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். பெண் வீட்டார் சீர் கொண்டுபோக வேண்டும். போன மாதம் ஒரு விசேஷத்துக்குக் குணவதி பதினோரு தட்டு கொண்டுபோனாளாம். அது வடிவம்மாளின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

"பத்துப் பேர் போனா போதாதாக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு அமலம்மாள்.

"ஒரு ஆள் மிச்சமில்லாம வரணும்! அவ வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கணும்!"

மேல் கம்பமே கிளம்பியது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று தட்டு வரிசையின் தலை கீழ்க் கம்பத்தில், வால் இன்னும் மேல் கம்பத்தில்.

பந்தி நடுவே கிராணி ஹென்றி வந்து நின்றார். குணவதி ஓடிப்போய் இலை போட்டு, வடிவம்மாள் கொண்டுவந்த புளிச்சோற்றையே அள்ளி வைத்தாள். அவர் சாப்பிட்டார், கை கழுவினார், பென்சிலை எடுத்தார், எண்ணினார். நூற்றுப் பதினாறு.

"ஐயோ தம்பி, இதுல பாதி நாங்க, மேல் கம்பம்!"

"மேலயும் போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன் அக்கா. ஒரு சேவல்தான் நின்னுச்சு. கண்ணுல பட்ட தலையத்தான் எழுதணும், முதலாளி உத்தரவு லா."

"அந்தச் சேவலையாவது எங்க கணக்குல எழுதுங்களேன்!"

எழுதவில்லை. அடுத்த மாதம் பஸ் குணவதியின் வாசலில் நின்றது. வடிவம்மாள் மூச்சிரைக்க வந்து சேரும்போது குணவதி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். "வாங்க சம்பந்தி, உங்களுக்கும் இடம் போட்டு வெச்சிருக்கேன்" என்பாள். வடிவம்மாள் அந்த இடத்தில் உட்காராமல் டவுன் வரைக்கும் நின்றுகொண்டே போவாள்.

கதை இங்கே வந்ததும், கேட்டுக்கொண்டிருந்த கீழ்க் கம்பத்துப் பெர்னார்ட் தொடையில் தட்டினான்.

"கிராணி சரியாத்தான் எண்ணியிருக்காரு!"

"எது சரி? எங்க தலைய எண்ணி உங்களுக்குப் பஸ்ஸா?" என்று எழுந்தாள் சவுந்தரம். அவள் மேல் கம்பத்துக்கு வாக்கப்பட்டவள்.

"கூப்பிட்டாங்கன்னு கூட்டமா திங்க வந்தது யாரு?"

"தின்னது நீங்க! சோறு எங்களுது! அதைக் கக்கிட்டுப் பஸ் ஏறுங்கடா!"

பெர்னார்ட் சட்டைக் கையை மடித்தான். சவுந்தரம் கொண்டையை அள்ளி முடிந்தாள். நடுவில் விலக்கப் போன, கதை கேட்க வந்த வெளியூர்ச் சந்திரசேகரனுக்குத்தான் முதல் அடி விழுந்தது.