ஐந்து கட்டை மிருதங்கம்

டென்மார்க்கில் இக்காஸ்டிலிருந்து வைலேக்குக் காரோட்டும்போது தலைகால் புரியாத சந்தோசம் எனக்கு. அமெரிக்க இசையமைப்பாளர் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டே பாடுவார். பக்கத்தில் நான் மிருதங்கம்.

அவரைப் பற்றி முதலில் வாசித்தபோது சிரித்தேன். தேவாலயத்தில் ஓர்கன், கலியாண வீடுகளில் கிளாரினெட், கார்ட்டூனுக்குப் பின்னணி இசை, பிறகு ஒப்பெரா. ஒன்றிலும் நிலைக்காத ஆள் என்று மனைவியிடம் சொன்னேன். கிழமை நாளில் முதியோர் இல்லத்து வேலை, வார இறுதியில் கோயிலில் மிருதங்கம், கலியாணத்தில் கீபோர்ட் என்று திரிகிற நான் இதைச் சொன்னதுதான் வேடிக்கை.

மண்டபத்தில் பையைத் திறந்தபோதுதான் என் பிழை தெரிந்தது. அவர் பாட்டை எழுதியிருந்தது இரண்டு கட்டைச் சுருதியில். நான் கொண்டுவந்ததோ ஐந்து கட்டை மிருதங்கம். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் நடன அரங்கேற்றங்களில் பெண்கள்தான் பாடுவார்கள். அவர்களுக்கு ஐந்து கட்டை. அதனால் அந்த மிருதங்கம் எப்போதும் காரிலேயே கிடக்கும். வீட்டில் இருக்கும் இரண்டு கட்டை மிருதங்கத்தை எடுத்து வைக்க மறந்தே போனேன். விளிம்பை எவ்வளவு தட்டினாலும் இதன் சுருதி அவ்வளவு கீழே இறங்காது. கச்சேரிக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் வர முடியாது. இனி யார் என்னைக் கூப்பிடுவார்கள்?

வெட்கத்தை விட்டு அவரிடமே சொன்னேன்.

“ஒரு அடி போடுங்கள்,” என்றார். போட்டேன். பியானோவில் அந்தச் சுரத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்தே முழுப் பாட்டையும் பாடிப் பார்த்தார். குரல் எட்டாத இடத்தில் பியானோவை விட்டுக் கிளாரினெட்டை எடுத்தார்.

“கலியாண வீட்டில் பெண்ணின் மாமா பாட எழும்பினால், எந்தச் சுருதியில் தொடங்குவார் என்று யாருக்குத் தெரியும்? நான் படித்தது அங்கேதான்,” என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. வெளியே போய் மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“மிருதங்கத்தை மாறிக் கொண்டுவந்திட்டன்.”

“ஐயோ! அப்ப திரும்பி வாறீங்களோ?”

“இல்லை. அந்தாள் தன்ரை பாட்டை மாத்திப்போட்டார்.”

“உங்களுக்காகவோ?”

“ஓம்,” என்றேன். போனை வைத்தேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து மாறிக்கொண்டவன் நான்தான். வேலையிடத்தில் கூப்பிட வசதியாக என் பெயரைக்கூடப் பாதியாக வெட்டிக் கொடுத்தேன். எனக்காக ஒருவர் மாறியது அன்றுதான். கழிவறைக்குள் போய் இரண்டு நிமிடம் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வாசித்தேன்.