பௌர்ணமியன்று போன லைன்

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு இன்னும் பழைய டெலிபோன் ஒயர் வழியாகத்தான் இன்டர்நெட் வருகிறது. வருகிறது என்று சொல்வது என் பெருந்தன்மை. ஆனால் பௌர்ணமியன்று அதை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை. கிரிவலக் கூட்டம் ரோட்டை நிறைத்துவிட்டால் செல்போனில் டவர் மட்டும் காட்டும், ஒன்றும் வேலை செய்யாது.

என் மகளின் இன்டர்வியூ ஒரு பௌர்ணமியில்தான் வந்து விழுந்தது. கடைசிச் சுற்று, மாலை நான்கு மணிக்கு, வீடியோவில். "பௌர்ணமியன்னிக்கே அமைஞ்சிருக்கு பாரு, வேலை கிடைச்ச மாதிரிதான்" என்று என் கணவர் வாசலில் நீர்மோர்ப் பந்தல் போட நேர்ந்துகொண்டார். வேலை கிடைத்த பிறகு செய்தால் போதாதா என்று கேட்டேன். முந்திக்கொண்டால் சாமிக்கு மறுக்க மனசு வராது என்பது அவர் கட்சி. அன்று மத்தியானம் ஸ்டூல் போட்டு ஏறி, கீற்றைத் தானே இழுத்து இழுத்துக் கட்டினார்.

நான்கு மணி நெருங்கும்போது மோடத்தில் பச்சை விளக்கு சிவப்பானது. அணைத்துப் போட்டேன். பச்சை வந்தது. மகள் மூச்சு விடுவதற்குள் மறுபடி சிவப்பு. ஒயரைப் பிடுங்கி, ஊதி, செருகினேன். போன் ரிசீவரை எடுத்தால் காதில் அப்பளம் பொரிகிற சத்தம். அந்த இரைச்சலுக்கு நடுவே லைன்மேன் கிடைத்தார். "எப்படிங்கம்மா வர்றது? வண்டியெல்லாம் செங்கம் ரோட்லயே நிறுத்திட்டாங்க. கூட்டம் ஜாஸ்தி. நாளைக்கு வரேங்க."

இஸ்திரி போட்ட சுடிதாரோடு மகள் லேப்டாப் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒருமுறை திரையில் முகங்கள் தெரிந்தன. "சார், நான் பேசறது கேக்குதுங்களா?" என்றாள். அவர்கள் திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பிறகு அதுவும் போய்விட்டது.

மகள் அழுதாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வாசலிலிருந்து "வாங்க சாமி, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று கணவரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இங்கே பெண் அழுகிறாள், அங்கே மனுஷனுக்குத் தர்மம் கேட்கிறது.

மோர் அண்டா காலியானதும் அவர் பந்தலைப் பிரிக்க ஸ்டூலில் ஏறினார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் வெளியே போனேன். அவர் கயிற்றை அவிழ்த்தார். கயிற்றோடு சேர்ந்து கீழே இழுபட்டிருந்த டெலிபோன் ஒயர் துள்ளி மேலே போனது.

"அம்மா, பச்சை வந்துடுச்சு" என்றாள் மகள் உள்ளேயிருந்து. கொஞ்சம் பொறுத்து, "இனிமே வந்து என்னத்துக்கு?" என்றாள்.

அவர் ஒயரைப் பார்த்தார், கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அவகிட்ட சொல்லிடாதடி."

ஸ்டூல் ஆடியது. அதைப் பிடித்துக்கொண்டேன்.