இரண்டும் மூன்றும் இருபத்து மூன்று

மூன்று வருடம் முன்பு, வேலைக்காக ஒரகடம் வந்த புதிது. வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலை, எனக்கு நைட் ஷிப்ட். ஹாஸ்டல் அறையில் ஆறு பேர், மூன்று ஷிப்ட். என் கீழ்க்கட்டில்காரி, நான் கிளம்பும்போது போர்வைக்குள் தூங்குவாள். காலையில் திரும்பினால் காலிக் கட்டில். பேச ஒரு ஜீவன் கிடையாது. கிளம்பும் முன், யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில், அழுவேன்.

பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் இருந்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அதில் புரோகிராம் எழுதப் பழகினேன். முதல் முயற்சி, ஒரு சின்னக் கால்குலேட்டர். கறுப்புத் திரையில் இரண்டு எண் கேட்கும், விடை சொல்லும், கடைசியில் 'இன்னொரு கணக்கு போடலாமா?' என்று கேட்கும். அந்தக் கடைசி வரி நானாகச் சேர்த்தது. அதுவாவது என்னிடம் ஏதாவது கேட்கட்டுமே!

ஆனால் பாருங்கள், இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னால் இருபத்து மூன்று என்றது. நான்கு நாள் முட்டிக்கொண்டேன். வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், சொந்த ஊரான தென்காசிக்கே பஸ் ஏறிவிடுவது என்று பையையும் கட்டிவிட்டேன். வியாழக்கிழமை கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும், லேப்டாப்பை மேசையில் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன்.

வெள்ளி காலை வந்தால், அதன்மேல் ஒரு துண்டுச்சீட்டு. "அக்கா, நீங்க அடிக்கிற நம்பர அது எழுத்துன்னு நெனச்சு பக்கத்துல பக்கத்துல ஒட்டி வைக்குது. இது நம்பர்னு மொதல்ல சொல்லிக் குடுங்க. தினமும் அழாதீங்க."

சொல்லிக் கொடுத்தேன். ஐந்து! கத்தியேவிட்டேன். நான் அழும் நேரம் அறையில் இருந்தது கீழ்க்கட்டில்காரிதானே, அவளிடம் சொல்லலாம் என்று திரும்பினால், கட்டிலில் வெறும் மெத்தை. பெட்டியும் இல்லை. கீழே ஓடி வார்டன் அக்காவிடம் கேட்டேன்.

"அந்தப் பொண்ணா? கான்ட்ராக்ட் முடிஞ்சிச்சும்மா, காலைலயே காலி பண்ணிகினு போயிடுச்சு. ரெண்டு மாசமா உன் கீழதான படுத்துகினு இருந்துச்சு, பேரு கூடத் தெரியாதா இன்னா?"

தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிந்தது. வெட்கமாகப் போயிற்று. யாரும் பேசவில்லை என்று இரண்டு மாதம் அழுதேனே, நான் யாரிடம் பேசினேன்?

பையைப் பிரித்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அறைக்குப் புதிதாக யார் வந்தாலும் பெட்டியை வைப்பதற்குள் பெயரைக் கேட்டுவிடுகிறேன். ஆனால் போர்வைக்குள் என் அழுகையைக் கேட்டபடி விழித்துக் கிடந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனது மட்டும் இன்னும் உறுத்துகிறது.